எஞ்சினும் காலமறிதலும்

புதிதாக்கிப் பூட்டிய எஞ்சின் ஒன்று இயங்க மறுத்து நிற்குங் காட்சி, மோட்டார்க் கராஜ்களிற் பழகியோர்க்குப் புதியதன்று. சிலிண்டர்களின் தலைமூடியை, அதாவது தொழிலாளர் 'ஹெட்' என்று வழங்கும் உறுப்பைக் கழற்றி, அதன் அடித்தளத்தைச் சமமாகச் சீவி, வால்வுகளைத் தேய்த்துப் பொருத்தி, புதிய காஸ்கட் இட்டு, நட்டுகளை முறைப்படி இறுக்கி முடித்தாயிற்று. பற்றரி நல்ல நிலையில் உள்ளது; பெற்றோல் தடையின்றி வருகின்றது; பிளக்கிலே தீப்பொறியும் தெறிக்கின்றது. ஆயினும் எஞ்சின் இருமுகின்றது. காபரேற்றரின் வாய்வழியே தீயை உமிழ்கின்றது. சிறிது ஓடினாலும் தட்டுகின்ற ஓசை எழுகின்றது. உறுப்புக்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பின் எதனிலுங் குறை காணப்படுவதில்லை. எல்லாந் தத்தம் தொழிலைச் செய்கின்றன. ஆனால், செய்யவேண்டிய வேளையிற் செய்யவில்லை. இக்குறையையே நம்மவர் 'ரைமிங் பிழை' என்பர்.

திருவள்ளுவர் பொருட்பாலிலே 'காலமறிதல்' என ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். வலிமையும் கருவியும் வாய்த்த வேந்தனும் காலத்தை அறியானாயின் வினை முடியாது என்பது அவ்வதிகாரத்தின் சாரம். வேந்தர்க்குக் கூறப்பட்ட அவ்வறிவை இரும்புக்குக் கற்பிக்க மனிதன் முந்நூறு ஆண்டுகளாக முயன்று வந்திருக்கின்றான். அம்முயற்சியின் வரலாறு வெறும் இயந்திர வரலாறு அன்று. அதிற் போட்டியும் வழக்கும் உண்டு. முறிந்த கைகளும் உண்டு. உலகத்தின் காற்றையே நஞ்சாக்கிய ஒரு பெரும் பிழையும் உண்டு. அதனையே இங்கு நேயர்களோடு ஆராய விழைகின்றேன்.

தோமஸ் நியூக்கொமன் என்னும் ஆங்கிலேயர் 1712ஆம் ஆண்டிலே, நிலக்கரிச் சுரங்கத்தின் நீரை இறைப்பதற்கு நீராவி எஞ்சின் ஒன்றை நிறுவினார். அதிலே நீராவியை உள்ளே விடுதற்கு ஒரு வால்வும், அதனைக் குளிர்விக்கும் நீரை விடுதற்கு மற்றொரு வால்வும் இருந்தன. இவற்றை உரிய தருணத்திலே திறந்து மூடுதல் வேண்டும். ஹம்பிரி பொட்டர் என்னுஞ் சிறுவன் ஒருவன் இவ்வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்தான் என்றும், விளையாட்டு விருப்பினால் வால்வுகளைக் கயிற்றினால் எஞ்சினின் ஆடும் உத்தரத்தோடு பிணைத்துவிட்டு ஓடிவிட்டான் என்றும் ஒரு கதை உண்டு. வரலாற்றாசிரியர் இதனை முற்றாக நம்புவதில்லை. எனினும், கதையின் கருத்து மெய்யானது. எஞ்சின் தன் இயக்கத்தாலேயே தன் வேளையைத் தானே குறித்துக்கொள்ளல் வேண்டும் என்பதே அக்கருத்து. இன்றைய மோட்டார் எஞ்சினிலுள்ள சங்கிலியும் பற்சக்கரமும் அச்சிறுவனின் கயிற்றுக்கு வழித்தோன்றல்கள் எனலாம்.

நீராவி எஞ்சினில் நெருப்பு வெளியே எரிந்தது. ஆதலின் வால்வின் வேளையை மட்டுங் கவனித்தாற் போதும். நெருப்பைச் சிலிண்டரின் உள்ளேயே மூட்டத் தொடங்கியபோது, தீமூட்டும் வேளை என்னும் இரண்டாவது சிக்கல் பிறந்தது. பாரிஸ் நகரில் வாழ்ந்த எற்றியென் லெனுவார் 1860இல் வாயு எஞ்சின் ஒன்றை இயக்கினார். அவர் மின்பொறியாலேயே தீ மூட்டினார். ஆனால், வாயுவை அழுத்தாமலே கொளுத்தியபடியால் எரிபொருள் பெரிதும் வீணாயிற்று. 1862இல் அல்போன்ஸ் போ டி றொஷா என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர், வாயுவை உள்ளிழுத்தல், அழுத்துதல், எரித்தல், வெளியேற்றல் என நான்கு அசைவுகளாகத் தொழிலைப் பிரிக்கவேண்டும் என்று ஒரு சிறு பிரசுரத்தில் எழுதினார். எழுதினாரேயன்றி எஞ்சின் எதனையுஞ் செய்தாரல்லர்.

அதனைச் செய்து முடித்தவர் ஜேர்மனியரான நிக்கொலஸ் ஒகஸ்ற் ஒற்றோ. இவர் பல்கலைக்கழகங் கண்டவரல்லர். வணிக நிலையத்தில் வேலை பார்த்தவர். கொலோன் நகருக்கு அண்மையிலுள்ள டொயிற்ஸ் என்னும் இடத்திலே 1876இல் அவரது நான்கடி எஞ்சின் இயங்கிற்று. அதற்கு அவர் பெற்ற காப்புரிமை பத்தாண்டுகளில் வழக்குக்கு உள்ளாயிற்று. போ டி றொஷாவின் மறக்கப்பட்ட பிரசுரத்தை எதிர்க்கட்சியினர் தேடியெடுத்து முன்வைத்தனர். 1886இல் ஜேர்மனியில் ஒற்றோவின் உரிமையின் முக்கிய பகுதி செல்லாதாயிற்று. அதனால் அவர் மனம் வருந்தினார். உலகமோ பயன் பெற்றது. நான்கடி எஞ்சினை எவருஞ் செய்யலாம் என்ற நிலை வந்தமையாலேயே மோட்டார் வண்டித் தொழில் பலர் கைகளில் விரைந்து வளர்ந்தது.

இந்நான்கடி முறையின் நுட்பத்தைச் சற்றே விளங்கிக்கொள்ளல் நலம். பிஸ்ரன் கீழிறங்கும்போது உள்வால்வு திறந்து, பெற்றோலும் காற்றுங் கலந்த கலவை உள்ளே வருகின்றது. மீண்டும் மேலேறும்போது இரு வால்வுகளும் மூடியிருக்கக் கலவை அழுத்தப்படுகின்றது. அவ்வேளையில் தீப்பொறி தெறிக்க, எரிவாயு விரிந்து பிஸ்ரனைக் கீழே தள்ளுகின்றது. நான்காவதாகப் பிஸ்ரன் மேலேறும்போது வெளிவால்வு திறந்து புகை அகல்கின்றது. இதற்குள் கிராங்குத்தண்டு இரு சுற்றுச் சுற்றிவிடுகின்றது; வால்வுகளைத் திறக்கும் காம்தண்டோ ஒரு சுற்றே சுற்றுகின்றது. இரண்டுக்கு ஒன்று என்னும் இவ்விகிதம் ஒருபோதும் மாறலாகாது. நிமிடத்திற்கு மூவாயிரஞ் சுற்று ஓடும் எஞ்சினிலே, ஒவ்வொரு வால்வும் செக்கனுக்கு 25 தடவை திறந்து மூடுகின்றது. தண்டு ஒரு பாகை திரும்புவதற்கு எடுக்கும் நேரம் ஒரு செக்கனின் 18,000இல் ஒரு பங்காகும். அத்தனை சிறிய காலத்தை இரும்பு எங்ஙனம் அறிந்தது என்பதே நமது கேள்வி.

ஒற்றோவின் முதல் எஞ்சின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 180 சுற்றே ஓடியது. வழுக்குந் தகடு ஒன்றின் வழியே சிறு சுடரை உள்ளே கொணர்ந்து தீமூட்ட அவ்வேகத்திற்கு இயன்றது. அவரிடம் பணியாற்றிப் பின் பிரிந்த கொற்லீப் டெய்ம்லர், வில்ஹெல்ம் மேபாக் என்னும் இருவரும் விரைந்து ஓடும் எஞ்சினை விரும்பினர். சிலிண்டரின் பக்கத்திலே ஒரு குழாயைப் பொருத்தி, அதனை வெளியிலிருந்து விளக்கால் செந்நிறமாகக் காய்ச்சி வைத்தனர். அழுத்தப்பட்ட கலவை அக்குழாயிற் புகுந்து தானே பற்றிக்கொண்டது. 1885இல் அவர்களது எஞ்சின் நிமிடத்திற்கு 600 சுற்றையுங் கடந்து ஓடிற்று. ஆனால், சூட்டுக்குழாய்க்கு வேளை குறிக்கும் ஆற்றல் இல்லை. எப்பொழுது தீப்பற்றும் என்பதை ஓட்டுநர் தீர்மானிக்க முடியாது. காற்று விளக்கை அணைத்துவிடும். வண்டி கவிழின் தீ விபத்தும் நேரும்.

கார்ல் பென்ஸ் மின்பொறியையே நம்பினார். 1886இல் அவர் காப்புரிமை பெற்ற முச்சக்கர வண்டியிலே பற்றரியுங் கொயிலும் இருந்தன. 1888இல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், மைந்தர் இருவருடன் மன்ஹைமிலிருந்து போட்ஸ்ஹைம் வரை அவ்வகை வண்டியை ஓட்டிச் சென்றார். வழியில் அடைபட்ட எரிபொருட் குழாயைத் தொப்பி ஊசியாற் குத்தித் திறந்தார் என்றும், மின்கம்பியின் உறை கெட்டபோது தம் காலுறைப் பட்டியைச் சுற்றி மறைத்தார் என்றுங் கூறுவர். உலகின் முதல் நெடும்பயணத்திலேயே தீமூட்டும் மின்கம்பி பழுதுற்றமை, பின்னர் வந்த தலைமுறைகளின் தொல்லைக்கு முன்னறிவிப்புப் போலும்.

அக்காலத்துப் பற்றரிகள் விரைவிற் சோர்ந்துவிடும். ஆதலால் எஞ்சின் தன் சுழற்சியாலேயே மின்னை உண்டாக்கும் மக்னீற்றோ என்னுங் கருவி பெருந் துணையாயிற்று. ஸ்ருட்காட் நகரிலே சிறு பட்டறை நடத்திய றொபேட் பொஷ், 1887இல் நிலையான எஞ்சினுக்கு மக்னீற்றோ ஒன்றைச் செய்து கொடுத்தார். 1897இல் அவரது பட்டறை அதனை மோட்டார் முச்சக்கர வண்டியொன்றுக்குப் பொருத்தி வெற்றி கண்டது. அவரிடம் முன்னர்ப் பயிலுநராக இருந்து பின் பொறியியலாளராக வந்த கொற்லொப் ஹொனோல்ட், உயர்மின்னழுத்த மக்னீற்றோவையும் அதற்கேற்ற பிளக்கையும் 1902இல் ஆக்கினார். இன்று நாம் காணும் பிளக் அவ்வழி வந்ததே. தீப்பொறி எழும் வேளையைப் பாகைக் கணக்கில் முன்னும் பின்னும் நகர்த்த இதனால் வழி பிறந்தது.

முன்னும் பின்னும் நகர்த்துவது ஏன் என நேயர்கள் வினவலாம். தீப்பொறி தெறித்த கணத்திலேயே கலவை முழுவதும் எரிந்துவிடுவதில்லை. சுடர் பரவுவதற்குச் செக்கனின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரம் வேண்டும். அந்நேரத்திற்குள் பிஸ்ரன் நகர்ந்துவிடும். ஆதலின், பிஸ்ரன் உச்சியை எட்டுமுன்னரே தீ மூட்டவேண்டும். எஞ்சின் விரைய விரைய இம்முந்துதலும் மிகல் வேண்டும். ஆனால், கையாற் சுழற்றி எஞ்சினைத் தொடக்கும்போது அவ்வளவு முந்தினால், பிஸ்ரன் உச்சியை அடையுமுன் வெடித்துத் தண்டைப் பின்னோக்கி உதைத்துவிடும்.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் உற்பத்தியான போர்ட் 'ரி' வகைக் காரிலே, திசைமாற்றுச் சக்கரத்தின் இடப்பக்கத்தில் இதற்கென ஒரு சிறு நெம்புகோல் இருந்தது. எஞ்சினைச் சுழற்றுமுன் அதனைப் பின்தள்ளி வைத்தல் வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் முன்தள்ளல் வேண்டும். மறந்தோரின் மணிக்கட்டும் முன்கையும் முறிந்தன. காலமறியாமையின் தண்டனை அங்குக் கண்ணெதிரே கிடைத்தது. சார்ள்ஸ் கெற்றறிங் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் ஆக்கிய மின்தொடக்கி 1912ஆம் ஆண்டின் கடிலாக் வண்டியில் இடம்பெற்றபின், கைச்சுழற்றி மெல்ல மெல்ல ஒழிந்தது. தீப்பொறியின் வேளையை மாற்றும் பொறுப்பும் காலப்போக்கில் ஓட்டுநர் கையை விட்டு நீங்கியது. சுழலும்போது விரியும் சிறு எடைகளும், காபரேற்றரின் உறிஞ்சலால் அசையும் மென்றகடும், டிஸ்ரிபியூட்டரின் உள்ளே இருந்து அப்பணியைத் தாமே செய்தன.

இனி, இவ்வரலாற்றின் துயரமான பகுதிக்கு வருவோம். கலவையை எவ்வளவுக்கு மிகுதியாக அழுத்துகின்றோமோ அவ்வளவுக்கு வலிமை கூடும், எரிபொருளும் மிச்சமாகும். ஆனால், அழுத்தம் ஓரெல்லையைத் தாண்டினால், சுடர் சென்றடையுமுன்னரே எஞ்சிய கலவை தானே வெடித்துச் சம்மட்டியால் அடித்தாற்போல ஒலிக்கும். இதனையே 'தட்டுதல்' என்பர். தீப்பொறி மிக முந்தினாலும் இதுவே நேரும். முதலாம் உலகப் போரின் பின் இச்சிக்கலை இருவர் இரு வழிகளில் அணுகினர்.

இங்கிலாந்திலே ஹரி றிக்கார்டோ, குற்றம் எரிபொருளில் மட்டுமன்று, எரிகின்ற அறையின் வடிவிலும் உண்டு எனக் கண்டார். தட்டையாகவும் அகலமாகவும் இருந்த அறையைச் சுருக்கி, கலவை சுழன்று கலக்குமாறு புதிய சிலிண்டர் ஹெட் ஒன்றை வகுத்து 1919இல் காப்புரிமை பெற்றார். சுடர் விரைந்து பரவிற்று, தட்டுதல் தணிந்தது. அமெரிக்காவிலே கெற்றறிங்கின் கீழ்ப் பணியாற்றிய தோமஸ் மிட்ஜ்லி, பெற்றோலிற் கலக்கத்தக்க மருந்தொன்றைத் தேடினார். 1921 டிசெம்பரில் ஈயச் சேர்வையொன்று தட்டுதலை நிறுத்துவதைக் கண்டார். கலன் பெற்றோலுக்குச் சில துளிகளே போதும், விலையும் மலிவு. 1923இல் அது விற்பனைக்கு வந்தது.

ஈயம் நஞ்சென்பது அன்றே அறியாததன்று. உரோமர் காலந்தொட்டே வைத்தியர் அதனை அறிவர். மிட்ஜ்லியே ஈயநஞ்சால் நோயுற்று 1923இல் ஓய்வெடுக்க நேர்ந்தது. 1924 ஒக்ரோபரில் நியூ ஜேர்சி மாகாணத்துத் தொழிற்சாலையொன்றில் அச்சேர்வையைச் செய்த தொழிலாளர் பலர் சித்தங் கலங்கினர், ஐவர் இறந்தனர். ஆயினும் சிறிது கால நிறுத்தத்தின் பின் விற்பனை தொடர்ந்தது. உலகெங்கும் வண்டிகள் ஈயப் புகையைக் கக்கின. பூமியின் வயதை ஈயத்தின் வகைகளைக் கொண்டு கணித்த கிளெயர் பற்றர்சன் என்னும் விஞ்ஞானி, தம் ஆய்வுகூடத்துத் தூசியிலும் ஈயம் மலிந்திருப்பதைக் கண்டு திகைத்தார். மனிதர் உடலில் ஈயம் இயற்கை அளவினும் பன்மடங்கு மிகுந்துவிட்டதென 1965இல் எழுதினார். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது குன்றச் செய்கின்றது என்பது பின்னர் ஐயமற நிறுவப்பட்டது. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல் ஒழிந்தது. உலகிலே கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் அதன் விற்பனையை நிறுத்திற்று. ஒரு தட்டல் ஓசையை அடக்க எடுத்த குறுக்கு வழியை விட்டு நீங்க உலகத்திற்கு நூறாண்டு சென்றது. றிக்கார்டோ ஹெட்டைத் திருத்தினார். மிட்ஜ்லி காற்றைக் கெடுத்தார். பாடம் எளியது, அதற்குக் கொடுத்த விலையே பெரியது.

இதிலே மற்றுமொரு வினோதமும் உண்டு. ஈயம் வால்வுகள் வந்து அமரும் வளையத்தின்மீது மெல்லிய படலமாகப் படிந்து, தேய்வையுந் தடுத்து வந்தது. ஈயம் நீங்கியபின் பழைய வண்டிகளின் வால்வு இருக்கைகள் விரைவிற் தேயலாயின. ஆதலால், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களைப் பேணுவோர் ஹெட்டைக் கழற்றிக் கடினப்படுத்திய இருக்கை வளையங்களைப் பதிப்பிக்க வேண்டியதாயிற்று. இவ்வாறு, நாம் தொடக்கத்திற் கண்ட பழுதுபார்த்தலும் அந்நீண்ட வரலாற்றின் ஒரு கிளையேயாகும்.

ஹெட்டைக் கழற்றிப் பூட்டியபின் வேளை ஏன் பிறழ்கின்றது? இதற்கு விடை காம்தண்டு எங்கிருக்கின்றது என்பதைப் பொறுத்தது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 முதலிய பழைய வண்டிகளிலே காம்தண்டு கீழே எஞ்சினின் உடலில் இருக்கின்றது. நீண்ட தள்ளுகோல்கள் அதன் அசைவை மேலே வால்வுகளுக்குக் கடத்துகின்றன. அங்கு ஹெட்டைக் கழற்றினும் வால்வுகளின் அடிப்படை வேளை கலைவதில்லை. கலைவன வால்வு இடைவெளியும், டிஸ்ரிபியூட்டரை அசைத்திருந்தால் தீப்பொறியின் வேளையுமே. பின்னர் வந்த பல எஞ்சின்களில் காம்தண்டு ஹெட்டின் மேலேயே ஏறிவிட்டது. ஹெட்டைக் கழற்றவேண்டுமாயின் சங்கிலியையோ பட்டியையோ முதலில் நீக்கியாகல் வேண்டும். ஹான்ஸ் கிளாஸ் என்னும் ஜேர்மன் நிறுவனம் 1962இல் பல்லுடைய இறப்பர்ப் பட்டியைக் கார் எஞ்சினிற் புகுத்தியது. ஓசையும் விலையுங் குறைந்த அப்பட்டி பின்னர் உலகெங்கும் பரவிற்று. அதனை மீண்டும் மாட்டும்போது ஒரு பல் தவறினாலும் எஞ்சின் சோர்ந்துவிடும். பல பல்கள் தவறினால், அல்லது ஓடும்போது பட்டி அறுந்தால், சிலவகை எஞ்சின்களில் திறந்து நிற்கும் வால்வைப் பிஸ்ரன் மோதி வளைத்துவிடும். அதனாலேயே ரைமிங் பார்த்தபின் எஞ்சினைக் கையால் மெல்ல இரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் அனுபவமுள்ள தொழிலாளர் எவருஞ் சாவியைத் திருப்பார்.

ஹெட்டின் அடித்தளத்தைச் சீவுவதாலும் இரு விளைவுகள் உண்டு. எரியறை சிறுத்து அழுத்தம் கூடுகின்றது. ஆதலின் முன்னர்ப் பொருந்திய தீப்பொறி வேளை இப்பொழுது தட்டுதலைத் தரலாம். காம்தண்டு மேலே உள்ள எஞ்சினாயின், அது கிராங்குத்தண்டை நோக்கிச் சற்றே இறங்குவதாற் சங்கிலியின் இழுபக்கம் நீண்டதுபோலாகி, வால்வுகளின் வேளை சிறிது பிந்துகின்றது. கண்ணுக்குத் தெரியாத தகட்டளவு உலோகம் போனதற்கே இத்துணை மாற்றம்.

குறையைக் கண்டறியும் முறை ஒரு நல்ல வரலாற்று ஆராய்ச்சியை ஒத்தது. முதலில் ஐயத்திற்கு இடமற்ற ஒரு நிலையை நாட்டல் வேண்டும். அது முதலாஞ் சிலிண்டரின் பிஸ்ரன் அழுத்தும் அசைவின் உச்சியில் நிற்கும் நிலை. பிஸ்ரன் உச்சியை இரு சுற்றில் இருமுறை தொடுமாதலால், தண்டின் குறியை மட்டும் நம்பலாகாது. பிளக்கைக் கழற்றி அத்துளையில் விரலை வைத்துச் சுற்றினால், காற்று விரலைத் தள்ளும் ஏற்றமே அழுத்தும் ஏற்றம். இதனைத் தவறவிட்டு, புகை வெளியேறும் ஏற்றத்தின் உச்சியில் டிஸ்ரிபியூட்டரைப் பொருத்துதல் பொதுவான பிழைகளுள் ஒன்று. அங்ஙனம் பொருத்தினால் எல்லாம் அரைச் சுற்றுத் தவறி நிற்கும். உள்வால்வு திறக்கும் வேளையிற் தீ மூளும். காபரேற்றர் தீ உமிழ்வது அதனாலேயே.

அடுத்து, சங்கிலிச் சக்கரங்களின் குறிகள் நேர்படுகின்றனவா எனல் வேண்டும். பின் வால்வு இடைவெளியை அளத்தல் வேண்டும். அது அங்குலத்தின் ஆயிரத்திற் சில பங்கே. அவ்விடைவெளி அற்றுப்போயின் வால்வு முற்றாக மூடாது. அழுத்தங் கசிந்து, வால்வின் விளிம்பு கருகும். அதன்பின் பிளக்குகளின் கம்பிகள் எரியும் வரிசைப்படி, பெரும்பாலான நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் 1, 3, 4, 2 என்ற முறையில், பூட்டப்பட்டனவா எனப் பார்த்தல் வேண்டும். இரு கம்பிகள் மாறினும் எஞ்சின் நடுங்கும். இவையெல்லாஞ் சரியாயின், இறுதியாகத் தீப்பொறியின் பாகையைத் திருத்தலாம். தொடக்கும்போது பின்னுதைப்பும் ஓடும்போது தட்டுதலும் முந்திய தீப்பொறியைக் காட்டும். சோர்வும், மிகுசூடும், புகைக்குழாயில் எழும் வெடிப்பும் பிந்திய தீப்பொறியைக் காட்டும். உறிஞ்சல்மானியின் ஊசி அசையாது, ஆனால் தாழ்ந்து நிற்குமாயின், வேளை பிந்தியதென்பதற்கு அது சான்று.

ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதல் என்பது இத்தொழிலின் பொன்விதி. இரண்டை ஒருங்கே மாற்றியவர், எஞ்சின் திருந்தினும் எதனால் திருந்திற்று என்பதை அறியார். காரணங்களைக் குழப்பாதிருத்தல் வரலாறு கற்போர்க்கும் வேண்டிய ஒழுக்கமே.

இவ்வறிவு நம் மண்ணிலே உயிர்காத்த காலமும் உண்டு. 1990ஆம் ஆண்டு முதலாக யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், மக்கள் மண்ணெண்ணெயைக் கொண்டே கார்களையும் மோட்டார்ச் சைக்கிள்களையும் ஓட்டினர். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலின், சேமித்த சில துளிப் பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். மண்ணெண்ணெய் தட்டுதலுக்கு மிகவும் எளிதில் ஆட்படுவது. பிரித்தானியாவில் 1940களின் பிற்பகுதியிலே மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடிய பேர்கசன் உழவு இயந்திரங்களுக்கு, அழுத்தங் குறைந்த எஞ்சினை வகுத்ததும் அதனாலேயே. அங்குப் பெருந் தொழிற்சாலை செய்த வேலையை இங்கே ஒழுங்கை முகப்பிலிருந்த சிறு கராஜ்கள் செய்தன. அழுத்தங் குறைந்த பழைய ஒஸ்ரின், மொறிஸ் எஞ்சின்கள் அத்தொழிலுக்கு ஒத்துழைத்தன. நோயாளரையும் பிள்ளைப்பேற்றுக்கு உற்ற தாய்மாரையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்ற வண்டிகள் அவ்வாறே ஓடின. தீப்பொறியின் வேளையைக் காதாற் கேட்டு, டிஸ்ரிபியூட்டரை மயிரிழை அளவு திருப்பி நிறுத்திய அத்தொழிலாளரின் பெயர்கள் எந்நூலிலும் இல்லை. ஆயினும் றிக்கார்டோவின் நூலைக் கண்ணாற் காணாத அவர்கள், அவர் ஆராய்ந்த அதே உண்மையைக் கையால் அறிந்திருந்தனர்.

இன்று இவ்வேலையின் பெரும்பகுதியை மின்னணுக் கருவிகள் ஏற்றுக்கொண்டன. 1979இல் பொஷ் நிறுவனம் தீமூட்டலையும் எரிபொருள் விடுதலையும் ஒரே கணிப்பொறியால் ஆளும் அமைப்பைக் காரிற் பொருத்தியது. தட்டுதலைச் செவிமடுக்கும் உணரியும் பின்னர்ப் பரவலாயிற்று. எஞ்சின் சற்றே தட்டத் தொடங்கினும் அது தீப்பொறியைப் பின்தள்ளிவிடும். டிஸ்ரிபியூட்டர் என்னும் உறுப்பே புதிய கார்களில் இல்லை. எனினும், சங்கிலி ஒரு பல் தவறிப் பூட்டப்பட்டால் எந்தக் கணிப்பொறியும் அதனைத் தன் கையால் நேராக்கமாட்டாது. எச்சரிக்கை விளக்கை ஏற்றி மனிதனை அழைப்பதோடு அதன் கடமை முடிகின்றது.

பாடசாலைகளிலே நாம் மாணவர்க்கு வரலாறு என்ற பெயரால் அரசர்களின் ஆண்டுகளைக் கற்பிக்கின்றோம். கையிற் கிரீஸ் படிந்தவர்களின் வரலாற்றை அவர்கள் பெரும்பாலும் அறியார். கராஜுக்கு வேலை பழகச் செல்லும் மாணவனைக் கல்வியிற் தோற்றவனாக எண்ணும் மனப்பான்மையும் நம்மிடையே முற்றாக நீங்கவில்லை. செக்கனின் பதினெண்ணாயிரத்தில் ஒரு பங்கைக் குறிவைத்து ஒரு சக்கரத்தின் பல்லை மற்றொன்றோடு பொருத்துபவன், நெடுங்காலச் சிந்தனையாளர் வரிசையின் இறுதியில் நிற்பவன் என்றே சொல்லத் தோன்றும். நியூக்கொமன் தொட்டு எண்ணினாலும் அவ்வரிசை முந்நூறு ஆண்டுக்குக் குறையாது. அவனுக்கு இவ்வரலாற்றைச் சொல்லிக் கொடுப்போமாயின், தன் தொழிலின் பெருமையை அவன் அறிவான். ஈயத்தின் கதையையும் உடன் சொல்வோமாயின், குறுக்கு வழியின் விலையையும் அறிவான். எஞ்சின் காலமறிந்து இயங்குதற்கு, அதனைப் பூட்டுபவன் பொறுமை அறிந்தவனாதல் வேண்டும்.